கப்பல்களும் துறைமுகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் வரலாறு என்றதும் நெடும்பயணங்களே பெரும்பாலும் பேசப்படுகின்றன. பாய்மரக் காலத்துக் கப்பல்களோ ஆண்டில் பல மாதங்களைக் காற்றுக்கும் சரக்குக்கும் பழுதுபார்ப்புக்கும் காத்துக்கொண்டு துறைகளிலேயே கழித்தன. அந்தத் துறைகளைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. அலையைத் தடுத்து நீரை அடக்கினால், அடங்கிய நீரில் வண்டல் படியும் என்ற ஒரே சிக்கல் பல பதில்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதை வாசகர்கள் காண்பார்கள். துறைமுக வரலாற்றின் பெரும்பகுதி அந்தச் சிக்கலின் வரலாறுதான் என்பது இதை எழுதுகிறவரின் கருத்து.

ஓர் இடம் நல்ல துறைமுகமாக இருக்க என்னென்ன வேண்டும்?

அலை அடங்கிய நீர் வேண்டும். கப்பலின் அடி தரைதட்டாத அளவுக்கு ஆழம் வேண்டும். நங்கூரம் பிடிக்கும் தரையும் வேண்டும். இவற்றில் மூன்றாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. நங்கூரம் தன் எடையால் மட்டுமே கப்பலை நிறுத்திவிடுவதில்லை. நீளமாக விடப்பட்ட சங்கிலியின் ஒரு பகுதி தரையோடு படிந்து கிடந்து, நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்கும்போதுதான் அதன் கொக்கி சேற்றிலோ களிமண்ணிலோ மேலும் மேலும் புதைந்து பிடிக்கிறது. சங்கிலி குட்டையாக இருந்தால் இழுவிசை மேல்நோக்கித் திரும்பி, நங்கூரம் பெயர்ந்துவிடும். வழவழப்பான பாறைத் தரையில் கொக்கி பற்றாது. பாறை இடுக்கில் சிக்கினாலோ எளிதில் திரும்பி வராது.

ஆழம் மிகுந்தாலும் தொல்லைதான். கிரேக்கத்தின் சான்டோரினித் தீவு, எரிமலை வெடித்து உள்வாங்கிய பெரும் பள்ளத்தைச் சுற்றி நிற்கிறது. பார்வைக்கு அதைவிடப் பாதுகாப்பான குடா இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அதன் பெரும்பகுதியில் நீர் பல நூறு மீட்டர் ஆழம் என்பதால் நங்கூரமிட இடம் தேடவேண்டியிருக்கிறது.

இயற்கைத் துறைமுகங்கள் எப்படி உருவாயின?

கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது கரையோர ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மூழ்கின. சிட்னித் துறைமுகம் அப்படி மூழ்கிய பள்ளத்தாக்கு. நார்வேயின் ஃபியார்டுகள் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போனவை. ஆற்று முகத்துவாரங்கள், மணல் திட்டுகளால் மறைக்கப்பட்ட காயல்கள், தீவின் மறைவில் உள்ள நீர்ப்பரப்பு ஆகியவையும் கப்பல்களுக்கு ஒதுங்கும் இடமாகின. ஆற்று முகத்துவாரத்தைத் துறையாகக் கொண்ட ஊர்களுக்கு உள்நாட்டு வணிகமும் நன்னீரும் கைக்கெட்டின. கூடவே வண்டலும் வந்து சேர்ந்தது.

மனிதர் கட்டிய மிகப் பழைய துறைமுகம் எது?

இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள வாதி அல்-ஜர்ஃப். கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னரின் காலத்தில், அதாவது சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன், அது பயன்பாட்டில் இருந்தது. கடலுக்குள் 150 மீட்டருக்கும் மேல் நீளும் கற்சுவர் ஒன்று இன்றும் நீருக்கடியில் கிடக்கிறது. அதன் மறைவில் நின்ற படகுகள் எதிர்க்கரையான சினாய்க்குச் செம்புக்காகவும் நீலப்பச்சைக் கற்களுக்காகவும் சென்று வந்தன.

அங்கே கிடைத்த சான்றுகள் துறைமுகத்தின் அன்றாட நடைமுறையையே காட்டிவிடுகின்றன. பயணப் பருவம் முடிந்ததும் படகுகளைப் பலகை பலகையாகக் கழற்றி, குன்றில் குடைந்த நீண்ட கூடங்களில் அடுக்கி, வாயிலைப் பெருங்கற்களால் அடைத்துவிட்டுத் தொழிலாளர்கள் நைல் கரைக்குத் திரும்பினார்கள். துளையிட்ட சுண்ணாம்புக்கல் நங்கூரங்கள் நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் கரையில் கிடைத்துள்ளன. அந்த வாயிற்கற்களுக்கு அருகில்தான் 2013ஆம் ஆண்டு பாப்பிரஸ் ஏடுகள் எடுக்கப்பட்டன. மெரர் என்ற மேற்பார்வையாளர் தம் ஆட்களுடன் துரா சுரங்கத்திலிருந்து கீசாவுக்குப் படகில் கல் கொண்டுசென்ற நாட்குறிப்பு அவற்றில் உள்ளது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இன்றுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவையே.

குஜராத்தின் லோத்தலில் உள்ள, செங்கல் கட்டிய, 200 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள சிந்துவெளிக் காலத் தொட்டியும் இந்தப் பேச்சில் தவறாமல் இடம்பெறும். அதைத் தோண்டிய தொல்லியலாளர் எஸ். ஆர். ராவ் கப்பல் துறை என்றார். நீர்த்தேக்கம் என்று வாதிட்டவர்களும் உண்டு. விவாதம் முடிந்துவிடவில்லை.

பழங்காலப் போர்க்கப்பல்களை ஏன் நீரிலிருந்து கரையேற்றி வைத்தார்கள்?

மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பது ஒரு காரணம். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு இன்னொரு காரணம். புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். ஏதென்ஸின் மூவடுக்குத் துடுப்புக் கப்பல்கள் சுமார் 37 மீட்டர் நீளமும் 170 துடுப்பாளர்களும் கொண்டவை. வேகமே அவற்றின் ஆயுதம் என்பதால், ஊறிக் கனத்த மரத்தோடு அவை போருக்குப் போக முடியாது. ஆகவே பிரேயஸில் கான்தரோஸ், சேயா, முனிக்கியா என்ற மூன்று துறைகளின் கரையிலும் சாய்தளம் அமைத்துக் கூரையிட்ட கொட்டகைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அவற்றின் மொத்த எண்ணிக்கையை 372 என்று கணக்குக் காட்டுகின்றன.

கார்த்தேஜ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியுள்ளபடி, கடலிலிருந்து 70 அடி அகல வாயில் ஒன்றுதான் இருந்தது. அதை இரும்புச் சங்கிலிகளால் மூடலாம். முதலில் வணிகர் துறை, அதைக் கடந்தால் வட்ட வடிவப் போர்த்துறை, அதன் நடுவே ஒரு தீவு, சுற்றிலும் 220 கப்பல்களுக்கான கொட்டகைகள் இருந்தன. வெளித்துறையில் சரக்கு இறக்கும் அயல்நாட்டு வணிகனுக்கு உள்ளே எத்தனை கப்பல் நிற்கின்றன என்பது தெரியாதபடி இரட்டைச் சுவர் மறைத்தது. கி.மு. 146இல் ரோம் அந்நகரை அழித்தது. இரு துறைகளின் வடிவமும் துனிஸ் நகரின் ஓரத்தில் குளங்களாக இன்றும் தெரிகிறது.

ரோமானியர்கள் கடலுக்குள் எப்படிக் கட்டினார்கள்?

நீருக்கடியில் இறுகும் காரையால்தான் அது முடிந்தது. நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடும் கற்களோடும் கலந்தால், அக்கலவை கடல்நீரிலேயே இறுகும். மரத்தால் பெரிய அச்சுப் பெட்டிகள் செய்து, கடலில் இறக்கி, உள்ளே இக்கலவையை நிரப்பினார்கள். யூதேயாவின் மன்னன் ஏரோது கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் சீசரியாவில் கட்டிய துறைமுகத்துக்கு இந்தச் சாம்பல் இத்தாலியிலிருந்தே மத்தியதரைக் கடலைக் கடந்து கப்பலில் வந்தது. இயற்கையான குடாவோ முனையோ இல்லாத திறந்த கரையில் எழுந்த துறைமுகம் அது. காரை தாங்கியது, தளர்ந்த மணல் அடித்தளமும் நிலநடுக்கங்களும் தாங்கவில்லை. அதன் அலைதடுப்புச் சுவர்கள் அமிழ்ந்து இன்று கடலுக்கடியில் உள்ளன.

ரோம் நகருக்கு உணவுத் தானியம் கடல்வழியாகவே வந்தது. டைபர் ஆற்றின் முகத்துவாரம் பெரிய கப்பல்களுக்கு ஏற்றதாக இல்லாததால், பேரரசர் கிளாடியஸ் கி.பி. 42இல் போர்ட்டஸ் துறைமுகத்தைத் தொடங்கினார். கட்டடக் கலைஞர்கள் செலவைச் சொல்லி அவரைத் தடுக்கப் பார்த்தார்கள் என்று காசியஸ் டியோ எழுதுகிறார். இன்று வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் நிற்கும் எகிப்தியக் கற்தூணை ஏற்றிவந்த மாபெரும் கப்பலையே கடலில் அமிழ்த்தி, அதன்மேல் கலங்கரை விளக்கத்துக்கு அடித்தளம் போட்டார்கள். ஆனால் துறைமுகம் அளவுக்கு மீறி விரிந்திருந்தது. அகன்ற நீர்ப்பரப்பில் காற்று புதிதாகவே அலையை எழுப்பும். சுவர் இருந்தும் பயனில்லாமல் போகும். கி.பி. 62இல் வீசிய புயலில் துறைமுகத்துக்குள்ளேயே ஏறத்தாழ 200 கப்பல்கள் அழிந்தன என்று டாசிட்டஸ் பதிவுசெய்துள்ளார். அதன் பிறகே டிராஜன் பேரரசர் இன்னும் உள்ளே, அறுகோண வடிவில் சிறியதொரு துறையை வெட்டினார்.

பல பழைய துறைமுகங்கள் இன்று கடலிலிருந்து தொலைவில் இருப்பது ஏன்?

ஓடும் நீர் மண்ணைச் சுமக்கும்; நின்ற நீர் அதை இறக்கிவைக்கும். கப்பலுக்கு அமைதி தேவை என்று எதையெதைச் செய்கிறோமோ அவையெல்லாம் வண்டலுக்கும் வசதி செய்து தருகின்றன.

இதற்கு எபேசுவைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்நகரின் துறை கைஸ்டர் ஆற்றின் வண்டலால் ஆழம் குறைந்துவந்தது. பெர்காமன் அரசரான அட்டலஸ், வாயிலைக் குறுக்கிச் சுவர் எழுப்பினால் நீரோட்டம் வலுத்து, வாயிலும் துறையும் ஆழமாகும் என்று எண்ணி அவ்வாறே கட்டச் சொன்னார். நடந்தது நேர்மாறானது என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியுள்ளார்: முன்பு கடலின் ஏற்ற இறக்கம் வண்டலை வெளியே இழுத்துச் சென்றது, சுவர் வந்த பின் அது உள்ளேயே தங்கி, வாயில் வரை துறை முழுவதும் மேடாகிவிட்டது. பேரரசர்கள் பின்னர் தூர்வாரினார்கள், ஆறு ஓயவில்லை. இன்று எபேசுவின் இடிபாடுகளிலிருந்து கடலைப் பார்க்கப் பல கிலோமீட்டர் செல்லவேண்டும்.

மிலேட்டஸ் நகரின் கதை இதைவிடப் பெரிய அளவில் நிகழ்ந்தது. கி.மு. 494இல் பாரசீகர்களும் அயோனியக் கிரேக்கர்களும் மோதிய கடற்போர் லாடே என்ற தீவை ஒட்டி நடந்தது. மியாண்டர் ஆறு கொண்டுவந்த மண்ணால் அந்த வளைகுடா தூர்ந்து, லாடே இப்போது சமவெளியில் நிற்கும் ஒரு குன்று. டிராஜனின் அறுகோணத் துறை ரோம் விமான நிலையத்துக்கு அருகே ஏரியாகக் கிடக்கிறது. இஸ்தான்புல்லில் சுரங்க ரயில் பணிக்காக யெனிகாபியில் 2004இல் தோண்டத் தொடங்கியபோது, தூர்ந்துபோன தியோடோசியஸ் துறைமுகம் வெளிப்பட்டது. பைசாந்தியக் காலத்தைச் சேர்ந்த 37 கப்பல்களின் எச்சங்கள் அந்தச் சேற்றில் பாதுகாப்பாக இருந்தன. துறைமுகத்தைக் கொன்ற சேறே அதன் கப்பல்களைக் காத்துவைத்தது என்பதைத் தொல்லியலாளர்கள் நன்றியோடு நினைப்பார்கள் போலும்.

பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்குக் கடல்வழியைக் கொடுத்ததும் இயற்கைதான், பறித்ததும் இயற்கைதான். 1134ஆம் ஆண்டுப் புயல் ஸ்வின் என்ற கடற்கால்வாயைத் திறந்துவிட்டது. அதன் வழியே நகரம் வட ஐரோப்பாவின் பெரும் சந்தையானது. அக்கால்வாய் மெல்லத் தூர்ந்தபோது வணிகத்தின் பெரும்பகுதி ஆண்ட்வெர்ப்புக்குச் சென்றுவிட்டது.

ஆறே இல்லாத திறந்த கடற்கரையில் துறைமுகம் கட்டினால் இந்தத் தொல்லை இராதல்லவா?

அங்கே வண்டலின் இடத்தை மணல் எடுத்துக்கொள்ளும். அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கும்போது, கரையோரமாகவே மணல் ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருக்கும். இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் இந்நகர்வு பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. சென்னைக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை துறைமுகமே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைமுறிவைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. ஆணி அடித்த படகு அலை அறைந்தால் பிளந்துவிடும்; தைத்த பலகைகள் சற்று வளைந்துகொடுக்கும் என்பதே அந்த அமைப்பின் சூட்சுமம்.

1870களில் கடலுக்குள் இரு சுவர்கள் நீட்டும் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல், முடியும் தறுவாயில் இருந்த அச்சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டப்பட்டபோது, வடக்கே போகவேண்டிய மணல் தெற்குச் சுவரில் தடுக்கப்பட்டுத் தேங்கியது. மெரினா கடற்கரை இன்றுள்ள அகலத்தைப் பெற்றது இதனால்தான். மணல் வரத்து நின்ற வடபகுதியில் ராயபுரம் தொடங்கிக் கடல் கரையை அரித்தது. கற்களைக் கொட்டித் தடுக்கவேண்டியதாயிற்று. கிழக்கு நோக்கியிருந்த வாயிலும் தூர்ந்து வந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். ஒரு துறைமுகச் சுவர் அருகருகே ஓரிடத்தில் கடற்கரையை வளர்த்து, இன்னோரிடத்தில் தின்றதற்குப் பொறியியல் மாணவர்கள் இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

காற்றுக்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய செயல்பாடாக இருந்தது?

இந்தியப் பெருங்கடலில் அதுவே வணிகத்தின் கால அட்டவணை. கிரேக்க மாலுமிகளுக்காக எழுதப்பட்ட முதல் நூற்றாண்டு வழிகாட்டி நூலான எரித்திரேயக் கடலின் பெரிப்ளஸ், எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் புறப்பட அறிவுறுத்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல், வடகிழக்குக் காற்று நிலைபெறும் வரை திரும்ப முடியாது. ஆகவே துறைமுகம் என்பது மாதக்கணக்கில் தங்கும் ஊராகவும் இருந்தாகவேண்டும்.

மலாக்கா இந்தக் காத்திருப்பின் மேல் எழுந்த நகரம். வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்கள் வந்தன. தென்மேற்குக் காற்றில் திரும்பின. இந்தியக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு முறை நேர் எதிரானது. வந்தவர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குஜராத்திகளுக்கு ஒருவர், தமிழர் உள்ளிட்ட கீழைக்கரையோர், வங்காளிகள், பெகு நாட்டினர் முதலியோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலியோருக்கு ஒருவர் எனப் பொறுப்பு பிரிக்கப்பட்டிருந்தது. கிடங்கு ஒதுக்குவது, சரக்கை மதிப்பிடுவது, வழக்குகளைத் தீர்ப்பது எல்லாம் அவர்கள் கையில். 1511இல் போர்த்துக்கீசியர் கோட்டையைப் பிடித்தனர். வணிகத்தை முழுமையாகப் பிடிக்க அவர்களால் இயலவில்லை, ஏனெனில் பல வணிகர்கள் காத்திருக்க வேறு துறைகளைத் தேடிக்கொண்டார்கள்.

கதவு வைத்த துறைகள் ஏன் தோன்றின?

மத்தியதரைக் கடலில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், மிகச் சிறியது. பிரிட்டனின் மேற்குக் கரையிலோ கடல்மட்டம் ஒரே நாளில் இருமுறை பல மீட்டர் ஏறி இறங்கும். லிவர்பூலில் அது 10 மீட்டரை எட்டுவதும் உண்டு. அலை அடங்கிய இடமாக இருந்தாலும், நீர் வடிந்ததும் கப்பல் சேற்றில் உட்கார்ந்து சாய்ந்துவிடும். சரக்கேற்றிய கப்பலின் முதுகெலும்பே முறியக்கூடும். தாமஸ் ஸ்டியர்ஸ் வடிவமைத்து 1715இல் லிவர்பூலில் திறக்கப்பட்ட துறைக்குக் கதவுகள் இருந்தன. உயர் ஓதத்தில் திறந்து கப்பலை விட்டுப் பின் மூடினால், வெளியே நீர் எவ்வளவு வடிந்தாலும் உள்ளே மட்டம் மாறாது. வணிகத்துக்கான இவ்வகைத் துறைகளில் உலகிலேயே முதலாவது என்று அது போற்றப்படுகிறது. அதில் செழித்த வணிகத்தில் அடிமை வணிகமும் அடங்கும் என்பதை விட்டுவிட்டு அதன் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

பிரிஸ்டல் நகரம் 1809இல் ஏவன் ஆற்றின் ஒரு பகுதியையே கதவுகளால் அடைத்து, கப்பல்கள் எப்போதும் மிதந்து நிற்கும் துறையாக்கியது. வழக்கமான விலையைக் கொடுக்கவேண்டி வந்தது: ஓதம் வந்துபோகாத நீரில் சேறு தங்கியது. 1830களில் இளம் பொறியாளர் புரூனலை அழைத்து யோசனை கேட்டார்கள். ஆழத்திலிருந்து நீரை வெளியேற்றும் மதகுகளையும், அடியில் படிந்த சேற்றைச் சுரண்டி அந்த மதகை நோக்கி இழுக்கும் படகையும் அவர் பரிந்துரைத்தார்.

நடுக்கடலில் தனியே நிற்கும் அலைதடுப்புச் சுவர்களை எப்படிக் கட்டினார்கள்?

பெரும்பாலும் கல்லைக் கொட்டித்தான். பிரான்சின் ஷெர்பூரில் 1780களில் வேறொரு வழியை முயன்றார்கள்: ஓக் மரத்தால் ராட்சதக் கூம்புகள் செய்து, மிதக்கவிட்டு இழுத்துச் சென்று, கல் நிரப்பி அமிழ்த்துவது. 1786இல் பதினாறாம் லூயி மன்னரே வந்து ஒரு கூம்பு அமிழ்வதைப் பார்த்தார். புயல்கள் கூம்புகளை உடைத்தன. கப்பல்புழு மரத்தைத் தின்றது. சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டுக் கல் கொட்டும் பழைய முறைக்கே திரும்பினார்கள். மூன்றரை கிலோமீட்டருக்கும் நீண்ட அச்சுவர் 1853இல்தான் முடிந்தது. இங்கிலாந்தின் பிளிமத்தில் 1812இல் தொடங்கிய சுவரில், புயல்கள் கற்களை உருட்டிப் பொறியாளர்கள் வரைந்ததைவிடச் சாய்வைக் குறைத்தன. கடல் விட்டுச்சென்ற சாய்வே நிலைக்கும் என்று உணர்ந்து வரைபடத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

1944இல் நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படைகள், இங்கிலாந்தில் வார்த்த கான்கிரீட் பெட்டிகளை ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இழுத்துவந்து இரு செயற்கைத் துறைமுகங்களை அமைத்தன. ஜூன் 19இல் தொடங்கிய புயல் அமெரிக்கர்களின் துறைமுகத்தை உடைத்துவிட்டது. ஆரோமான்ஷில் இருந்த மற்றொன்று தாக்குப்பிடித்தது. அதன் பெட்டிகள் சில இன்றும் கரைக்கு எதிரே நிற்கின்றன.

புயல் வந்தால் கப்பல் துறைமுகத்தில் இருப்பது நல்லதா, வெளியேறுவது நல்லதா?

துறைமுகத்தைப் பொறுத்தது. கடல் இடமுள்ள இடத்தில் இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும் பெரிய கப்பல் புயலைத் தாங்கிவிடும். அது அஞ்சுவது கரையை. அதனால்தான் கடும்புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுக அதிகாரிகளே பெரிய கப்பல்களை வெளியேறச் சொல்கிறார்கள்.

1889 மார்ச் நடுவில் சமோவாவின் அப்பியாவில் இப்பாடம் கொடூரமாகக் கற்பிக்கப்பட்டது. தீவுகளின் மேலான போட்டியால் மூன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள், மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள், ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆகியவை அந்தச் சிறு குடாவில் நின்றன. அது வடக்கே கடலை நோக்கித் திறந்தது. மற்ற பக்கங்களில் பவளப்பாறை. காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டிருந்தும், மற்றவர் இருக்கையில் தாம் விலகுவதா என்று எவரும் நகரவில்லை. புயல் வடக்கிலிருந்து வந்தபோது நங்கூரங்கள் சேற்றை உழுதுகொண்டு நகர்ந்தன. கப்பல்கள் ஒன்றையொன்று மோதின. பிரிட்டிஷ் கப்பலான கல்லியோப்பியின் தலைவர் கேன், 16ஆம் நாள் காலையில் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, இயந்திரத்தை முழுவலுவில் ஓட்டி வாயிலை நோக்கித் திருப்பினார். கப்பல் மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்கூட எடுக்கத் தடுமாறியது. பாறைக்கும், கட்டுப்பாடிழந்து மிதந்த அமெரிக்கக் கப்பலான டிரென்டனுக்கும் நடுவே அது உரசாமல் நழுவியபோது, தாம் பிழைப்போமா என்று அறியாத டிரென்டனின் மாலுமிகள் அதற்கு ஆரவாரம் எழுப்பினார்கள். மற்ற ஆறு கப்பல்களும் பாறையில் உடைந்தோ கரையேறியோ போயின.

அலையே இல்லாமல் ஒரு துறைமுகம் தானாகக் குலுங்குவதும் உண்டு. ஒவ்வொரு நீர்ப்பரப்புக்கும் அதன் நீளத்தையும் ஆழத்தையும் பொறுத்து ஓர் இயல்பான ஊசலாட்டக் காலம் இருக்கிறது. வளிமண்டல அழுத்த அலை அந்தக் காலத்தோடு ஒத்துப்போனால் நீர் தொட்டிலாட்டம்போல் ஏறி இறங்கும். ஸ்பெயினின் மெனோர்க்காத் தீவில் உள்ள சியூத்தடெல்லாவில் 2006 ஜூன் 15 அன்று நீர்மட்டம் சில நிமிடங்களில் நான்கு மீட்டர் அளவுக்கு மாறி, கட்டியிருந்த படகுகளை நாசமாக்கியது.

எதிரியையும் நோயையும் துறைமுகங்கள் எப்படித் தடுத்தன?

எதிரிக்குச் சங்கிலி. கான்ஸ்டான்டிநோபிளின் பொற்கொம்புத் துறையின் வாயிலில் மிதவைகளின் மேல் தாங்கிய இரும்புச் சங்கிலி இழுக்கப்பட்டிருந்தது. 1453இல் இரண்டாம் மெஹ்மத் அதை உடைக்க முயன்று முடியாமல், கலாத்தாக் குன்றுக்குப் பின்னால் நிலத்தின் மேலேயே கப்பல்களை இழுத்து உள்ளே இறக்கினார். நோய்க்குக் காத்திருப்பு. கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் 30 நாள் ஒதுங்கியிருக்கவேண்டும் என்று ரகூசா, அதாவது இன்றைய டூப்ரோவ்னிக், 1377இல் விதித்தது. வெனிஸ் 1423இல் ஒரு தீவையே அதற்கான மருத்துவமனையாக்கியது. இன்றும் துறைமுகத்தை நெருங்கும் கப்பல் ஏற்றும் மஞ்சள் கொடி, தன்னிடம் நோயில்லை, அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பே.

கப்பலில் இருக்கும் ஆபத்தை இப்படித் தடுக்க முடிவதில்லை. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தின் குறுகிய நீர்வழியில் வெடிபொருள் ஏற்றிய மோன் பிளான் என்ற பிரெஞ்சுக் கப்பலும் இமோ என்ற நார்வேக் கப்பலும் மோதின. வெடிப்பில் சுமார் 1,800 பேர் இறந்தனர். நீர்மூழ்கிகள் நுழைய முடியாத குறுகலான வாயில் என்பதால்தான் போர்க்காலக் கப்பல் அணிகள் அத்துறையில் கூடின.

பழைய நகரத் துறைகள் ஏன் கைவிடப்பட்டன?

1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளோடு அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி நிறுவன உரிமையாளரின் யோசனை அது. அதுவரை மூட்டை, பீப்பாய், பெட்டி என ஒவ்வொன்றாகத் தோளிலும் கொக்கியிலும் ஏற்றி இறக்கப் பல நாட்கள் ஆயின. கன்டெய்னர் வந்தபின் அவ்வேலை மணிக்கணக்குக்குச் சுருங்கியது. ஆனால் பெட்டிகளை அடுக்கப் பரந்த நிலமும், நீண்ட கப்பல் தளமும், மிகுந்த ஆழமும் தேவைப்பட்டன. 1802இல் திறந்த லண்டனின் வெஸ்ட் இந்தியா துறைகள் 1980இல் மூடப்பட்டன. அங்கே இப்போது வங்கிகளின் கோபுரங்கள் நிற்கின்றன. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள் ஒரே தலைமுறையில் வேலையிழந்தன.

ஆழத்தைத் தேடித் துறைமுகங்கள் கடலை நோக்கி நகர்கின்றன. ராட்டர்டாம் 1872இல் கடலுக்கு நேரடியாகக் கால்வாய் வெட்டியபோது, ஓதமே அதை அகழ்ந்து ஆழப்படுத்தும் என்று பொறியாளர் காலண்ட் நம்பினார். எபேசுவில் அட்டலஸ் நம்பியதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. சில ஆண்டுகளில் கால்வாய் தூர்ந்தது. வேறுபாடு அதன் பின்னர் வந்தது: நீராவியால் இயங்கும் தூர்வாரும் கப்பல்கள் ராட்டர்டாமுக்குக் கிடைத்தன. ஷாங்காய் தன் ஆற்றுத்துறை போதாமல், கடலில் உள்ள யாங்ஷான் தீவுகளில் கப்பல் தளம் கட்டி, 32 கிலோமீட்டருக்கும் நீண்ட பாலத்தால் 2005இல் இணைத்தது.

இன்றைய பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் எப்படி நுழைகிறது?

வாயிலுக்கு வெளியே, கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர் வல்லுநரான பைலட் ஏறுகிறார். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கச்சுவரில் தொங்கும் கயிற்றேணியை, அருகில் ஒட்டிவரும் சிறு படகு அலையின் உச்சிக்கு எழும் கணத்தில் பற்றி ஏறவேண்டும்; ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறவேண்டியிருந்தால் மாடிப்படி போன்ற ஏணியையும் சேர்த்து அமைக்கவேண்டும் என்பது பன்னாட்டு விதி. மேலே வந்த பைலட் உள்ளூர் நீரோட்டத்தையும் மணல்மேட்டையும் அறிந்து ஆணையிடுவார். பொதுவாகப் பொறுப்பு கப்பல் தலைவரிடமே இருக்கும். 400 மீட்டர் நீளக் கப்பலின் மேல் அடுக்கிய பெட்டிகள் காற்றுக்குப் பெரும் பாயாகிவிடுகின்றன. ஆகவே இழுவைக் கப்பல்கள் முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ளும். தளத்தை நெருங்கியதும் முனையில் கனமான முடிச்சிட்ட மெல்லிய கயிறு முதலில் எறியப்படும். அதைப் பற்றி இழுத்தே தடித்த கட்டுக்கயிறுகளைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள்.

கடல்மட்டம் உயர்ந்தால் துறைமுகங்கள் என்ன ஆகும்?

ஆழம் கூடுவதால் நன்மை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கப்பல் தளங்களும் கிடங்குகளும் சுவர்களும் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. நீர் சற்று உயர்ந்தாலும் புயலலை சுவரைத் தாண்டி உள்ளே விழும். ராட்டர்டாம் அருகே 1997இல் திறக்கப்பட்ட மேஸ்லாண்ட் தடுப்புக்கு ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள் உண்டு. நீர்மட்டம் மூன்று மீட்டர் உயரும் என்று கணினி கணித்தால் அவை தாமாக மூடிக்கொள்ளும். 2007 நவம்பர் புயலுக்கு அவை மூடப்பட்டன. 2023 டிசம்பரில் உயர்ந்த நீர்மட்டத்தைக் கண்டு முதன்முறையாகத் தாமாகவே மூடிக்கொண்டன. மூடியிருக்கும் நேரத்தில் அந்த நீர்வழியில் ஒரு கப்பலும் போகவோ வரவோ முடியாது. கடல் உயர உயர அடிக்கடி மூடவேண்டி வரும் என்பதால், மூடும் மட்டத்தை உயர்த்துவதா, கரைகளை உயர்த்துவதா, தடுப்பையே மாற்றுவதா என்ற விவாதம் நெதர்லாந்தில் நடந்துவருகிறது.